ராஜா சாண்டோ: பேர் இருக்கிறது, படம் எங்கே?

பாஞ்சாலங்குறிச்சியில் சித்திரை மாதம் வீரசக்கதேவி கோயில் திருவிழா வந்தால் மைக்செட்டில் என்ன ஓடும் என்று கேட்கவே வேண்டாம். 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வசனம்தான். பந்தயம் கட்டியது போல நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிவாஜி ஜாக்சன் துரையிடம் கேட்ட கேள்விகளை அப்படியே மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். அவன் படத்தை முழுசாகப் பார்த்திருக்க வேண்டும் என்றுகூட அவசியம் இல்லை. காதால் கேட்டே மனப்பாடம்.

கோவில்பட்டி, எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் என்று கரிசல் காடு முழுக்க இதே கதைதான். கோட்டையை 1801இல் ஆங்கிலேயன் தரைமட்டமாக்கினான். இடித்த இடத்தில் ஆமணக்கு விதைத்தான் என்று சொல்வார்கள். இன்றைக்குப் போய்ப் பார்க்கிற கோட்டை 1974இல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை. ஆக, நூற்றெழுபது வருஷத்துக்கு மேல் அந்த ஊரில் கோட்டை இல்லை, கதை மட்டும் இருந்தது. எப்படி? கதைப்பாடலாக, கும்மியாக, கூத்தாக. நா. வானமாமலை அச்சில் கொண்டுவரும் வரை அது வாயில்தான் இருந்தது. கல்லை இடிக்கலாம், வாயை இடிக்க முடியாதே.

ஆனால் இதே ஊரில் இன்னொரு ஆள் இருந்தான். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, மண்ணோடு மண்ணாகக் கிடந்த கோட்டையைத் திரும்பக் கட்டி, மே மாதம் வரை கம்பெனிப் படையை வெளியே நிறுத்திவைத்தவன். அண்ணன் நடத்திய சண்டையைவிடத் தம்பி நடத்திய சண்டை பெரிது என்று வாதாடுவதற்கு எல்லா நியாயமும் இருக்கிறது. அவனை எதிர்த்து நின்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரியே 1830இல் வெளிவந்த தன் நினைவுப் புத்தகத்தில் அவனைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். பேச வராத அந்த மனிதன் உள்ளங்கையில் சில துரும்புகளை எடுத்து வைப்பானாம். அதுதான் வெள்ளைக்காரப் படை. பிறகு ஒரு சைகை, வாயால் ஒரு சீறல், துரும்புகள் காற்றில் பறக்கும். அதுதான் உத்தரவு. ஆட்கள் கிளம்பிவிடுவார்கள்.

பேச்சே இல்லாமல், கையாலும் முகத்தாலும் ஒரு கூட்டத்தை இயக்கிய ஆள். திருவிழா மைக்கில் அவனுக்கு என்ன இருக்கிறது? அண்ணனுக்கு வசனம் இருக்கிறது. தம்பிக்குப் பேர் மட்டும்.

தமிழ் சினிமாவிலும் இப்படி ஒரு தம்பி உண்டு. ஊமைப்படம். அந்தக் காலத்தின் மிகப் பெரிய தமிழ் இயக்குநருக்கும் பேர் மட்டும்தான் மிச்சம்: ராஜா சாண்டோ. தமிழக அரசு ஆண்டுதோறும் வழங்கும் விருதுகளின் பட்டியலில் 'ராஜா சாண்டோ விருது' என்று வரும். வாங்குகிறவருக்கும் கைதட்டுகிறவருக்கும் அவர் யாரென்று தெரியுமா என்பது சந்தேகமே. யாரோ பயில்வான் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. அது பாதி சரிதான்!

புதுக்கோட்டைக்காரர். இயற்பெயர் பி.கே. நாகலிங்கம். (புதுக்கோட்டை என்றால் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் இன்றும் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். 1799இல் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது தொண்டைமான் சீமை அல்லவா? நாகலிங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மன்னித்துவிடலாம்.) 1894இல் பிறந்தவர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அதே 1894இல்தான் அமெரிக்காவில் எடிசனின் ஆட்கள், ஐரோப்பாவிலிருந்து வந்த யூஜின் சாண்டோ என்ற பலசாலியைச் சட்டையில்லாமல் நிற்கவைத்து, தசையை முறுக்கச் சொல்லிப் படம் பிடித்தார்கள். உலகத்தின் முதல் அசையும் படங்களில் ஒன்று அது. அந்தச் சாண்டோ பிறகு இந்தியாவுக்கும் வந்து காட்சி நடத்திவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இந்த நாட்டில் உடம்பை வளர்த்தவனுக்கெல்லாம் சாண்டோ என்று பட்டம். சாண்டோ சின்னப்பா தேவர் வரைக்கும் வந்த பட்டம் அது. உடற்பயிற்சியில் தேர்ந்த நாகலிங்கம் பம்பாய்க்குப் போய் ராஜா சாண்டோ ஆனார்.

முதலில் எஸ்.என். பட்டாங்கரின் நேஷனல் பிலிம் கம்பெனி. 1922இல் 'பக்த போதனா', 1923இல் 'வீர் பீம்சேன்'. சண்டைக்கு ஆள் என்று போனவர் சில வருஷத்தில் கதாநாயகன். 1926இல் சுலோசனாவோடு 'டெலிபோன் கேர்ள்'. 1927இல் சந்துலால் ஷாவின் 'குணசுந்தரி', கோஹரோடு. வீட்டு வேலையே கதி என்று கிடந்த மனைவி, வெளியே மகிழ்ச்சி தேடும் கணவன் என்று நகரத்துக் குடும்பத்தைப் பேசிய படம் அது. ஆட்டமும் மாயமந்திரமும் இல்லாமல் இப்படியும் ஒரு படம் ஓடும் என்று காட்டியது.

இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். புதுக்கோட்டையிலிருந்து போன ஒரு தமிழன் பம்பாயில் குஜராத்தி முதலாளியின் படத்தில் நாயகன்! பாஷை? அந்தக் கேள்வியே எழவில்லை. ஊமைப்படத்துக்குப் பாஷை கிடையாது. நடுநடுவே வரும் எழுத்து அட்டையை மட்டும் மாற்றினால் போதும். கோவில்பட்டிக்காரர்களுக்குச் சட்டென்று புரிகிற மாதிரிச் சொன்னால், தீப்பெட்டி வியாபாரம். உள்ளே குச்சி ஒன்றேதான். வடக்கே போகிற கட்டுக்கு ஒரு லேபிள், தெற்கே போகிற கட்டுக்கு ஒரு லேபிள். லேபிள் அச்சடிக்க என்ன பெரிய செலவு? எழுத்துப் படிக்கத் தெரியாத கூட்டத்துக்குத் திரை ஓரத்தில் நின்று கதை சொல்ல ஒரு ஆள் இருப்பார். சரக்கு ஒன்று, சந்தை நாடு பூராவும். பிற்காலத்தில் 'பான் இந்தியா' என்று மேடை போட்டுப் பெருமை அடித்துக்கொண்டதெல்லாம் 1926இல் ஒரு சத்தமும் இல்லாமல் நடந்துகொண்டிருந்த விஷயம். நிஜமாகவே சத்தம் இல்லாமல்.

1928இல் 'ஸ்நேஹ ஜோதி' மூலம் இயக்குநரானார். பிறகு ஆர். பத்மநாபனின் அசோசியேட்டட் பிலிம்ஸுக்காகச் சென்னை வந்தார். 1930இல் 'பேயும் பெண்ணும்', 'நந்தனார்'. 1931இல் 'அநாதைப் பெண்', 'உஷா சுந்தரி'. தலைப்புகளைப் பார்த்தாலே புரியும், புராணம் மட்டும் போதும் என்று உட்கார்ந்துவிடவில்லை. முத்தக் காட்சி வைத்தவர் என்ற கெட்ட பேரையும் சம்பாதித்தார். நடித்தவர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள் பேரைத் திரையில் போடும் வழக்கத்தைத் தமிழில் கொண்டுவந்தவர் அவர்தான் என்பார்கள். எல்லாருடைய பேரையும் போட்ட மனிதரின் படமே இல்லாமல் போனது தனிக்கதை. அப்போது அவரிடம் கூட இருந்து வேலை கற்றுக்கொண்டவர் கே. சுப்ரமணியம். 1934இல் தியாகராஜ பாகவதரை 'பவளக்கொடி'யில் திரைக்குக் கொண்டுவந்தவரும், 1939இல் 'தியாக பூமி' எடுத்து வெள்ளைக்கார அரசிடம் தடை வாங்கியவரும் அவரே. சுப்ரமணியத்துக்குக் கிடைத்த மரியாதையில் கால்வாசி குருவுக்குக் கிடைத்திருக்குமா?

1931 மார்ச்சில் 'ஆலம் ஆரா'. அதே அக்டோபரில் 'காளிதாஸ்'. சினிமா பேச ஆரம்பித்துவிட்டது. தமிழ் சினிமாவின் பிறந்தநாள் என்று இந்த 'காளிதாஸ்' தேதியைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். இந்த வழக்கம் தவறு. நடராஜ முதலியார் சென்னையில் 'கீசகவதம்' எடுத்தது 1910களின் பிற்பகுதியில். அதிலிருந்து 'காளிதாஸ்' வரை பத்துப் பன்னிரண்டு வருஷம் இங்கே படம் எடுத்தார்கள், காட்டினார்கள், சம்பாதித்தார்கள், நஷ்டப்பட்டார்கள். பேசாத குழந்தையைப் பிறந்த கணக்கில் சேர்க்க மாட்டோம் என்பது என்ன நியாயம்?

பேச்சு வந்ததில் லாபம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பாட்டு வந்தது, பாகவதர் வந்தார், சின்னப்பா வந்தார். ஆனால் நஷ்டக் கணக்கையும் எழுத வேண்டும். காமிராவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கும் காட்டுக்கும் போய்க்கொண்டிருந்த சினிமா மறுபடி நாடகக் கொட்டகைக்குள் புகுந்துகொண்டது. மைக்குக்குப் பக்கத்தில் நின்றால்தான் குரல் பதியும், ஆகவே எல்லாரும் நின்ற இடத்தில் நின்று பாடினார்கள். எத்தனை பாட்டு என்பதே விளம்பரம் ஆனது. ஊமைப்பட நடிகனின் மூலதனம் உடம்பு. பேசும்பட நடிகனின் மூலதனம் தொண்டை. ஒரே ராத்திரியில் முதலீடு செல்லாக்காசு ஆனவர்கள் எத்தனையோ பேர்.

சாண்டோ செல்லாக்காசு ஆகவில்லை. இதுதான் அவர் வாழ்க்கையில் கவனிக்க வேண்டிய இடம். முதல் சில வருஷம் சென்னையில் ஒலிப்பதிவு வசதியே இல்லை. ஏ. நாராயணனின் சீனிவாஸ் சினிடோன் 1934இல் 'சீனிவாச கல்யாணம்' எடுக்கும் வரை தமிழ்ப் பேசும் படம் என்றால் பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ ரயில் ஏற வேண்டும். நாடகக் கம்பெனி மூட்டை முடிச்சோடு போய் இறங்கினால் அங்கே ஸ்டூடியோக்காரனுக்குத் தமிழ் தெரியாது, இவர்களுக்குக் காமிரா தெரியாது. இரண்டும் தெரிந்த ஆள், அதுவும் பம்பாய் ஸ்டூடியோக்காரர்கள் மதிக்கிற ஆள், எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகமான 'மேனகா' 1935இல் பம்பாய் ரஞ்சித் ஸ்டூடியோவில் அவர் இயக்கத்தில் படமானது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல். சமூகக் கதை கொண்ட முதல் தமிழ்ப் பேசும் படங்களில் ஒன்று. என்.எஸ். கிருஷ்ணனை ஜனங்கள் முதலில் திரையில் பார்த்ததும் அதில்தான். 1936இல் 'வசந்தசேனா' எடுக்கப் போன இடத்தில்தான் கிருஷ்ணனும் மதுரமும் சந்தித்துக்கொண்டார்கள். அதே வருஷம் போலி மடாதிபதியைத் தோலுரித்த ஜே.ஆர். ரங்கராஜு நாவல் 'சந்திரகாந்தா'. அதில் நாயகனாக இன்னொரு புதுக்கோட்டைக்காரர், பி.யு. சின்னப்பா. 1937இல் 'மைனர் ராஜாமணி'. 1939இல் பாகவதரை வைத்து 'திருநீலகண்டர்'. பேசாத படத்தில் கற்ற தொழிலைப் பேசுகிற படத்தில் செலவழித்த மனிதர் அவர்.

இதோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஜெர்மன்காரர் இருக்கிறார். முனிச் நகரத்து பிரான்ஸ் ஆஸ்டன். ஹிமான்ஷு ராயோடு சேர்ந்து 1925இல் புத்தர் கதையை வைத்து 'லைட் ஆஃப் ஏஷியா', 1928இல் 'ஷிராஸ்', 1929இல் 'எ த்ரோ ஆஃப் டைஸ்' என்று மூன்று ஊமைப்படங்களை இந்தியாவில் எடுத்தார். 1934இல் பாம்பே டாக்கீஸ் தொடங்கியதும் திரும்பி வந்து, ஹிந்தி தெரியாமலே 'அச்சுத் கன்யா' (1936) உட்படப் பதினைந்துக்கும் குறையாத ஹிந்தி டாக்கி இயக்கினார். நாஜிக் கட்சி உறுப்பினர் வேறு! 1939இல் போர் மூண்டதும் ஆங்கில அரசு பிடித்து அடைத்தது. பிற்பாடு ஜெர்மனிக்கே போய்விட்டார். தமிழிலும் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் தமிழ் தெரியாமலே 'சதி லீலாவதி' முதல் 'மந்திரி குமாரி' வரை எடுத்தவர்தான். அந்தக் காலத்தில் பாஷையைவிடத் தொழில் பெரிதாக இருந்திருக்கிறது.

விஷயம் அதுவல்ல. ஆஸ்டனின் அந்த மூன்று ஊமைப்படங்களும் இன்று இருக்கின்றன. பிரதிகள் ஐரோப்பாவில் பத்திரமாக இருந்தன, சரிசெய்தார்கள், புதிதாக இசை சேர்த்து அரங்குகளில் காட்டினார்கள். கம்ப்யூட்டரில் தேடினால் ராஜஸ்தான் அரண்மனையும் யானைகளும் பளிச்சென்று தெரிகின்றன. சாண்டோ தமிழ்நாட்டில் எடுத்த ஊமைப்படம் ஒன்றுகூட இல்லை. 'மேனகா'வும் போய்விட்டது. இந்தியாவில் எடுத்த ஆயிரத்து முந்நூறு சொச்சம் ஊமைப்படங்களில் தேறியது முப்பது கூட வராது என்பது கணக்கு. தென்னிந்தியாவில் எடுத்த நூற்றுச் சொச்சத்தில் பார்க்கக் கிடைப்பது 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றே ஒன்று.

அது பிழைத்த கதை தமாஷ். நாகர்கோவில் சுந்தரராஜ் தயாரிப்பு, பி.வி. ராவ் இயக்கம், சி.வி. ராமன் பிள்ளையின் நாவல். நாவலின் உரிமை எங்களுடையது என்று பதிப்பகம் கோர்ட்டுக்குப் போனது. படப்பெட்டி பறிமுதல். தயாரிப்பாளருக்கு நஷ்டம், படம் ஊர் ஊராக ஓடவில்லை. ஓடாததால் தேயவில்லை, பெட்டிக்குள் கிடந்ததால் யாரும் தூக்கி எறியவில்லை. 1974இல் பூனா திரைப்பட ஆவணக்காப்பகம் வாங்கிவைத்தது. (பாஞ்சாலங்குறிச்சியில் கோட்டை எழும்பிய அதே வருஷம்.) நன்றாக ஓடிய படமெல்லாம் ஓடி ஓடியே செத்தது, முடக்கப்பட்ட படம் பிழைத்தது. கணக்குப் பதிவியல் படிக்கிறவர்கள் இதற்கு எந்தத் தலைப்பில் பதிவு போடுவார்களோ!

ஓடி முடித்த படம் முதலாளிக்கு வெறும் தேய்மானம் போன சொத்து. நைட்ரேட் பிலிம், தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது, வைக்க இடமும் வேண்டும், பயமும் வேண்டும். அதில் கொஞ்சம் வெள்ளி இருக்கிறது, கரைத்து எடுத்தால் காசு. யாராயிருந்தாலும் விற்கத்தான் செய்திருப்பார்கள். திட்டிப் பயனில்லை.

பேசும் படமும் இப்படித்தான் அழிந்தது. 'காளிதாஸ்' பிரதியும் இல்லை. ஆனால் பேசும் படம் அழிந்தாலும் சாகவில்லை. பாட்டுப் புத்தகம் இருக்கிறது, இசைத்தட்டு இருக்கிறது, பாட்டி முணுமுணுத்த மெட்டு இருக்கிறது. 'திருநீலகண்டர்' பாட்டை இன்றும் பாடுகிற ஆள் இருக்கிறார். அதே இயக்குநரின் 'அநாதைப் பெண்'ணை எப்படிப் பாடுவது? முகத்தை எப்படி மனப்பாடம் செய்வது? கட்டபொம்மனுக்கும் ஊமைத்துரைக்கும் நடந்ததேதான் இங்கேயும்.

உடனே ஒரு எதிர்க்கேள்வி வரும். சத்தமில்லாததெல்லாம் அழியும் என்றால் கோவில்பட்டியில் இருந்துகொண்டு கொண்டையராஜு வரைந்த லட்சுமியும் முருகனும் எப்படி இன்னும் சுவரில் தொங்குகிறார்கள்? நாடகத்துக்குத் திரைச்சீலை எழுத வந்து கோவில்பட்டியிலேயே தங்கிவிட்ட ஓவியர். அவர் லட்சுமி பேசவில்லை, பாடவில்லை. நியாயமான கேள்வி. பதில் பக்கத்து ஊரில் இருக்கிறது: சிவகாசி. லட்சக்கணக்கில் அச்சாகி, காலண்டராக வீட்டுக்கு வீடு போனது. வருஷம் முடிந்தாலும் சாமி படத்தைக் கிழிக்க மனசு வராமல் சட்டம் போட்டு மாட்டினார்கள். ஊமைப்படத்துக்குப் பிரதிகள் விரல்விட்டு எண்ணலாம், அதுவும் ஜனங்கள் வீட்டில் இல்லை, முதலாளியின் கிடங்கில். அப்படியானால் பிரச்சினை சத்தம் மட்டுமல்ல. எத்தனை பேர் கையில் இருந்தது என்பதுதான். வாயிலாவது இருக்க வேண்டும், சுவரிலாவது இருக்க வேண்டும். சாண்டோ இரண்டிலும் இல்லை.

படம் இனிமேல் கிடைக்குமா? அதிசயம் நடந்தால் உண்டு. ஆனால் படத்தைச் சுற்றி இருந்த காகிதம் கிடைக்கும். கொட்டகை நோட்டீஸ், பத்திரிகை விளம்பரம், ஸ்டில், ஒப்பந்தப் பத்திரம், வசூல் நோட்டு. டூரிங் டாக்கீஸ் நடத்திய குடும்பங்கள் கரிசல் பக்கமும் உண்டு. அந்த வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தால் அது எடைக்குப் போகுமுன் யாராவது திறந்து பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஊருக்கு இரண்டு கல்லூரிப் பையன்கள், ஒரு ஸ்கேனர், வீட்டுப் பெரியவர்களிடம் பேசப் பொறுமை. பல்கலைக்கழகங்களில் சினிமாவைப் பற்றி ஆராய்ச்சிப் பட்டம் வாங்குகிறவர்கள் பாட்டும் அரசியலுமே கதி என்று கிடக்காமல் இந்தப் பக்கமும் கொஞ்சம் வரலாம்.

1943இல் வெளிவந்த 'சிவகவி' படத்தைத் தொடங்கியவர் ராஜா சாண்டோதான். நடுவில் விலகினார், ஸ்ரீராமுலு நாயுடு முடித்தார். படம் வெளிவந்து பாகவதர் பாட்டு ஊரெல்லாம் ஒலித்துக்கொண்டிருந்த அதே வருஷம் நவம்பர் 25இல் கோயம்புத்தூரில் இறந்துபோனார். ஐம்பது வயசு ஆகவில்லை.

அவர் பேரில் விருது கொடுக்கிறார்கள், நல்லது. கொடுக்கிற மேடையில் வாழ்த்துரை, சிறப்புரை, ஏற்புரை எல்லாம் இருக்கும். அதில் ஐந்து நிமிஷத்தைக் கழித்து, அவர் நடித்த ஊமைப்படத்து ஸ்டில்கள் நாலைந்தைத் தேடிப் பிடித்துத் திரையில் காட்டலாம். விளக்கவுரை வேண்டாம், பின்னணி இசைகூட வேண்டாம்.